நாலு பெட்டி, நடுவில் ஒரு நாற்காலி

மண்டபத்தின் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. காலி நாற்காலி. அதைச் சுற்றி மூன்று பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருவரும் உட்காரவில்லை. அடுத்தவரை உட்கார விடவும் இல்லை.

நாலு மூலையில் இடுப்பு உயரத்துக்கு நாலு மரப்பெட்டிகள். நாலும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அம்மன் ஊஞ்சலில் ஏறி அரைமணி நேரமாகிவிட்டது. சாம்பிராணிப் புகை மேலே போய்க் கல்லில் முட்டி, போக வழியில்லாமல் எங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. என் கையில் ஒரு ரெக்கார்டு. வேர்வையில் வழுக்குகிறது.

அந்த நாற்காலியைப் போட்டவன் நான்தான். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அதைத்தான் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

பேராசிரியர் எழுதிய கடிதம்

போன வாரத்து அத்தியாயத்தில் 'காரைக்காலுக்கு முதன்முதலில் சரவுண்டு சவுண்டு கொண்டுவந்தவன் நான்' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். ஒரு பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. சினிமாக் கொட்டகைக்கே அதெல்லாம் அண்மையில்தான் வந்தது, நீங்கள் சொல்கிற காலத்தில் அது கற்பனை என்று நாலு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அதற்காகவே அவரை மன்னித்துவிட்டேன்.

ஐயா படித்தவர். நான் மூன்றாம் வகுப்பு. அதையும் அவசரப்படாமல் இரண்டு வருஷம் படித்தேன். ஆனால் அவர் புத்தகத்தில் பார்த்த பெட்டியை நான் தோளில் தூக்கியிருக்கிறேன். தோள்பட்டைக்குச் சரித்திரம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் காரைக்காலில் மைக் செட் என்றால் நான்தான். தங்கராசு சவுண்டு சர்வீஸ். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த குழாய் ஒலிபெருக்கிகள் பதினாறு வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், எதற்கும் நான் போகாமல் நடக்காது. தருமபுரத்தில் பெண்ணுக்குத் தாலி ஏறினால் காரைக்கால்மேட்டில் வலை பின்னிக்கொண்டிருக்கிறவன் நிமிர்ந்து பார்த்து வாழ்த்துவான்.

குழாய் கட்டுவதற்கு எங்கள் தொழிலில் விதி ஒன்றே ஒன்றுதான். வாய் வெளியே பார்க்கவேண்டும். நாலு திசைக்கும் நாலு குழாய், நாலும் ஊரைப் பார்த்து. நம்மைக் கூப்பிட்டவர் வீட்டுக்குப் பாட்டு எதற்கு? கூப்பிடாதவர் வீட்டுக்கல்லவா அது கேட்கவேண்டும்? கல்யாண வீட்டுக்காரர் பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லாதவராக இருந்தால், பங்காளி வீட்டுப் பக்கம் ஒரு குழாய் கூடுதலாகக் கட்டச் சொல்லுவார். கட்டியிருக்கிறேன்.

எங்கள் அம்மன் கோயிலிலும் அதே விதிதான். கோயில் பெயர் வேண்டாம். இப்போதைய தர்மகர்த்தா கோபக்காரர், அவர் அப்பாவைப் போலவே. அங்கே சன்னதியை ஒட்டினாற்போல் ஒரு வேப்பமரம். மேலத்தெருவைப் பார்த்து அதில் ஒரு குழாய் கட்டுவேன். குழாய்க்கும் மேலத்தெருவுக்கும் நடுவில் கோயில் ஜன்னல் ஒன்று இருந்தது. குருக்கள் அங்கே உட்கார்ந்துதான் சந்தனம் அரைப்பார். ஜன்னலுக்காக மரத்தை நகர்த்த முடியுமா? குழாயை வேறு பக்கம் திருப்பச் சொல்லி வருஷாவருஷம் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். என்னிடம் பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

சொல்தா வீட்டில் இறங்கிய சாமான்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சனோடு திரும்புகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். திரும்புகிறவர்கள் சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள், குடை கொண்டுவருவார்கள், பாலாடைக்கட்டி டப்பா கொண்டுவந்து, அதைத் திறந்து, தெருவையே காலி பண்ணுவார்கள். சொல்தா வைத்தியலிங்கம் நாலு பெட்டி கொண்டுவந்தார்.

எமர்ஜென்சிக்கு முந்தியா பிந்தியா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டு ரேடியோவுக்கு லைசென்சு கட்டிக்கொண்டிருந்த காலம். கப்பலில் வந்த சாமான் என்றதும் பெட்டிக்குள் தங்கம் என்றார்கள் சிலர். சாராயம் என்றார்கள், விவரம் தெரிந்தவர்கள். உள்ளே இருந்தது ஸ்பீக்கர். அதோடு அலமாரி அளவுக்கு ஒரு ஆம்பிளிபயர், ரெக்கார்டு சுற்றுகிற ஒரு தட்டு, இருபது முப்பது ரெக்கார்டுகள்.

அவர் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் இங்கே, நாலு பக்கமும் ஜன்னல் வைத்த பழைய வீட்டில், நாலு பெட்டியோடு. ஒயர் இழுத்து மாட்டித்தர என்னைக் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார்? பென்சன் காகிதத்துக்காகப் பாண்டிச்சேரி கிளம்பியவர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடவே படம் வரைந்த ஒரு காகிதமும் கொடுத்தார். நான் படம் பார்த்து வேலை செய்கிறவனா? மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விதிப்படி செய்தேன். நாலு ஜன்னலிலும் நாலு பெட்டி. நாலும் ஊரைப் பார்த்து. மாட்டிவிட்டு, சோதனைக்கு ஒரு ரெக்கார்டைப் போட்டேன்.

அது இங்கே ஒருவரும் கேட்டிராத சரக்கு. தோல் கிடையாது, தந்தி கிடையாது, ஊதுகிறவனும் கிடையாது. முழுக்க முழுக்க மின்சாரத்திலேயே வாசித்தது. ஒரே பாட்டை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு பெட்டிக்குக் கொடுத்திருந்தான் அந்த வெள்ளைக்காரன். எனக்கு அது எப்படித் தெரியும்?

கிழக்கே இருந்தவர்களுக்கு டும் டும் என்று இடி மட்டும் போனது. கொல்லையில் நெல் குத்துகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். மேற்கே சோடாக் கடைக்கு விசில் மட்டும் போனது. பாட்டில் வெடிக்கப்போகிறது என்று கடைக்காரர் சாக்கைப் போட்டு மூடிவிட்டுத் தள்ளி நின்றார். தெற்கே போனது பெண் குரல் மாதிரி ஒன்று, பேச்சில்லாமல் மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டது. சொல்தா யாரையோ கூட்டிவந்து உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார் என்று தெற்குப் பக்கம் முடிவே கட்டிவிட்டார்கள். வடக்குப் பெட்டி சும்மாவே இருந்தது. இருந்திருந்து ஒரு தடவை 'ட்டிங்' என்றது. வடக்கே நின்றவர்கள்தான் பாவம், அடுத்த 'ட்டிங்'குக்காக வேலையை விட்டுக் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சொல்தா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாலு பெட்டியின் முதுகையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏன்யா, எல்லாத்தையும் ஊரப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கியே, நான் எங்க உக்காந்து கேக்குறது?"

"நீங்க எதுக்கு முசியே கேக்கணும்? ஊரே கேக்குதுல்ல?"

முசியே என்பது பிரெஞ்சில் ஐயா. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். பட்டாளத்தில் சுடுவதற்கு முன்னால் இப்படித்தான் மடித்துவிடுவார்கள்போல.

ஒரு பக்கம் முழுசாக

பெட்டிகளை அவரே உள்பக்கம் திருப்பினார். கூடத்தின் நடுவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார்த்தினார். ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுசாக ஓடி முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது, அதுதான் எனக்குத் தண்டனை என்றார். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவர். அந்த ஆள் இடது பக்கமாக நடந்து எனக்கு எதிரே போனான். வயலில் மழை தூரத்திலிருந்து நடந்து வருமே, முதலில் அடுத்த வயல், பிறகு வரப்பு, பிறகு நம் தலை, அந்த மாதிரி ஒரு சத்தம் வலது மூலையில் ஆரம்பித்து என்மேல் வந்து பெய்துவிட்டுப் போனது. இடியும் விசிலும் மூச்சும் அந்த 'ட்டிங்'கும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது என் மடியில்தான். இரண்டாம் முறையும் திரும்பிப் பார்த்தேன். சொல்தா சிரித்தார்.

ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவன், ஒரு பாட்டைக்கூட முன்னால் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆம்பிளிபயர் பக்கத்தில், குழாய்க்குப் பின்னால்தான் என் வாழ்க்கையே ஓடியிருக்கிறது.

ரெக்கார்டு முடிந்தது. எப்படி இருந்தது என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு முசியே. சத்தம் பத்தல."

பின்னே என்ன, கண் கலங்கியது என்று சொல்லச் சொல்கிறீர்களா? தொழில்காரன் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

திருவாரூர்க்காரன்

அந்த வருஷம்தான் திருவிழாவுக்குத் திருவாரூரிலிருந்து ஒருவன் வந்து இறங்கினான். அவனிடம் ஸ்டீரியோ இருந்தது. அதைவிட முக்கியமாக, வேனும் இருந்தது. அப்போதைய தர்மகர்த்தா வேன் வைத்திருக்கிறவர்களிடம் தனி மரியாதை காட்டுவார்.

எனக்கு அது சோற்றுப் பிரச்சினை மட்டுமல்ல. கோயில் திருவிழா யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஊருக்கு மைக் செட். அது கைமாறினால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணங்கள் கைமாறும், ஆடிக்குள் கருமாதிகளும் போய்விடும். பிறகு தங்கராசு சவுண்டு சர்வீஸ் என்ற போர்டை வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போடவேண்டியதுதான். என் வீட்டுக்காரி தனம் அதைச் சொல்லியும் காட்டினாள். கூண்டில் ஒரு பக்கம் ஒழுகுகிறதாம்.

கமிட்டி கூடியது. திருவாரூர்க்காரன் சத்தம் இரண்டு பக்கம் பிரிந்து வரும் என்றான். நான் எழுந்து, என்னுடையது நாலு பக்கம் என்றேன்.

"இப்பவே நாலு பக்கமும்தானே கத்துது ஒன் கொழா?" என்றார் தர்மகர்த்தா.

"அது வெளிய பாத்துங்க ஐயா. இது உள்ள பாத்து."

கமிட்டிக்காரர்கள் காதைக் குடைந்துகொண்டார்கள். உள்ளே பார்த்துக் கத்துகிற மைக் செட்டை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. குருக்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் வழக்கம்போல முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, பாட்டில் வார்த்தை உண்டா என்று மட்டும் விசாரித்தார். இல்லை என்றேன். அப்படியானால் நான் வழக்கமாகப் போடுவதைவிட அது தேவலை என்றார்.

கடைசியில் ஏற்பாடு இப்படி ஆனது. ஊஞ்சல் உற்சவத்தன்று மட்டும் எனக்கு. அது சரியாக அமைந்தால் திருவிழா முழுக்க என் கையில். இல்லாவிட்டால் மறுநாள் தேரிலிருந்து திருவாரூர்க்காரன்.

சொல்தா பெட்டிகளைத் தர ஒரே நிபந்தனை போட்டார். பெட்டிகள் உள்ளே பார்க்கவேண்டும், நாலும் சேருகிற இடத்தில் ஒரு நாற்காலி போடவேண்டும். மண்டபத்தில் அளந்து அவரே சாக்பீசால் ஒரு வட்டம் போட்டார். ஊஞ்சலுக்கு நேர் எதிரே, பத்து அடி தள்ளி.

அந்த வட்டத்தில்தான் நான் நாற்காலியைப் போட்டேன்.

நடு இடம் யாருக்கு

இதெல்லாம் பிரெஞ்சுக்காரன் யோசிக்காத விஷயம். அவன் ஊரில் நாற்காலி என்றால் உட்காருகிற சாமான். நம் ஊரில், அதுவும் கோயிலில், நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டால் அது முதல் மரியாதை. நான் ஊரில் பிறந்து வளர்ந்தவன், எனக்கே அது அன்றைக்கு உறைக்கவில்லை. பாட்டு கேட்ட மயக்கம்.

தர்மகர்த்தா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனார். காரைக்கால்மேட்டு நாட்டார், அதாவது மீனவப் பஞ்சாயத்தின் தலைவர், நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. மொத மால எங்க ஊருக்குத்தான் போடுறது. மொத மாலக்கி அப்பறம் மொத நாக்காலி வேற யாருக்கு?"

"ஊஞ்ச உபயம் எங்க குடும்பம். நாலு தலமொறயா."

"ஊஞ்ச உங்களுது, சரி. கவுறு எங்களுது. எங்க படகு கவுத்துலதான் அம்மன் ஆடுறா."

சொல்தா நடுவில் வந்து, பெட்டிகள் தன்னுடையவை என்று ஞாபகப்படுத்தினார். அதோடு மூன்று கட்சி ஆகிவிட்டது. இப்படித்தான் நான் முதலில் சொன்ன காட்சி வந்து சேர்ந்தது. காலி நாற்காலி, மூன்று பெரிய மனிதர்கள், புகை, என் கையில் ரெக்கார்டு.

நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தால் மேட்டுச் சனம் மொத்தமும் எழுந்துவிடும், நாளைக்குத் தேர் வடம் பிடிக்கப் பாதி ஊர் வராது. தூணோரம் திருவாரூர்க்காரன் நின்றான். வெற்றிலையை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தான். இருக்கிற அவசரமெல்லாம் எங்களுக்குத்தானே.

என் மூளை வேலை செய்கிற விதத்தை நானே பலமுறை வியந்திருக்கிறேன். நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். சொல்தா என்னவோ பிரெஞ்சில் திட்டினார், நல்லவேளை புரியவில்லை. நாலு பெட்டியும் இப்போது ஊஞ்சலைச் சுற்றி நின்றன, நாலும் அம்மனைப் பார்த்து.

"நடு எடம் அம்மனுக்கு. யாருக்காவது ஆட்சேபண உண்டுங்களா?"

யார் சொல்லுவார்? மூன்று பேரும் கையைக் கூப்பினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தட்டில் முள்ளை இறக்கினேன்.

குருக்கள் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அம்மன் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தாள். பெட்டிகளுக்கு நடுவில் அம்மனும் குருக்களும் மட்டும். ஊர் மொத்தமும் வெளியே, பெட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு. மறுபடியும் அதே கதைதான். நாட்டார் பக்கம் டும் டும். பெண்கள் பக்கம் விசில். தர்மகர்த்தா நின்ற பக்கத்தில் அந்த 'ட்டிங்'. அவர் ஒவ்வொரு 'ட்டிங்'குக்கும் தலையை ஆட்டினார். பெரிய மனிதர் ரசிக்கும்போது ஆட்டித்தானே ஆகவேண்டும்.

தனம் மூச்சுச் சத்தத்தின் பக்கம் நின்றாள். எனக்குத்தான் மூச்சு வரவில்லை.

ரெக்கார்டு நின்றது. மண்டபத்தில் எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். நன்றாக இருந்தது என்று சொல்ல ஒருவருக்கும் ஆதாரம் இல்லை, அம்மன் கேட்டதை நன்றாக இல்லை என்று சொல்ல தைரியமும் இல்லை. தர்மகர்த்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவரைக் கேட்டார். எப்படி இருந்தது சாமி?

குருக்கள் கயிற்றை மெதுவாக விட்டார்.

"பாதியிலேயே நான் ஆட்டறதை விட்டுட்டேன். பாட்டே ஆட்டிண்டிருந்தது."

கூட்டத்தில் ஒரு பெண்மணி குலவை போட்டார். நாட்டார் தேங்காய் உடைக்கச் சொன்னார். திருவாரூர்க்காரன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேனைக் கிளப்பினான். அந்த வருஷத் திருவிழா என்னுடையது, அடுத்த பதினோரு வருஷமும் என்னுடையது. தனத்திடம் கோழிக்கூண்டுக்கு வேறு தகரம் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

சந்தன ஜன்னல்

தேர் நிலைக்கு வந்த மறுநாள் மத்தியானம், வாழைத்தார் ஒன்றை எடுத்துக்கொண்டு குருக்களைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்ல என்று வையுங்கள். உண்மையில் அவர் வாயால் இன்னும் ஒருமுறை புகழக் கேட்கத்தான் போனேன்.

ஜன்னலோரம் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி என்னை உட்காரச் சொன்னார். மழை மாதிரி வருமே, வலது மூலையிலிருந்து கிளம்பி இடது பக்கம் போகுமே, அதைக் கவனித்தீர்களா சாமி என்று கேட்டேன்.

"வந்தது தெரியும். போனது தெரியாது."

புரியவில்லை.

"இந்தப் பக்கம் ரெண்டு பொட்டி கேட்டுது. அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்குடா. எட்டு பத்து வருஷம் ஆறது."

எப்படி ஆயிற்று என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேப்பமரத்தில் என் குழாய், வாயைப் பிளந்துகொண்டு. இன்னும் அவிழ்க்கவில்லை.

மறுபடியும் குனிந்து சந்தனம் அரைக்க ஆரம்பித்தார்.

"அப்பறம் ஏன் சாமி எனக்காக அப்புடிச் சொன்னீங்க?"

"ஒனக்காகன்னு யார் சொன்னா? அந்தத் திருவாரூர்க்காரன் வேனை எட்டிப் பாத்தேன். அவன் கொழா உன்னுதைவிட ஒரு முழம் பெரிசு. எனக்கு பாக்கி இருக்கறது ஒரு காதுதானே."

வாழைத்தாரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பேராசிரியர் ஐயாவுக்குச் சாட்சி வேண்டுமென்றால், சொல்தா போய்ச் சேர்ந்துவிட்டார், பெட்டிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. முழுசாகக் கேட்டவர்களில் அம்மனும் நானும்தான் பாக்கி. யாரை நம்புவதென்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

மறு வருஷம் வேப்பமரத்தில் நான் குழாய் கட்டவில்லை. மேலத்தெருக்காரர்கள் தங்களை ஒதுக்கிவிட்டதாகச் சண்டைக்கு வந்தார்கள். மரம் பூராவும் கட்டெறும்பு, ஏற முடியவில்லை என்றேன். பதினோரு வருஷமும் அதையேதான் சொன்னேன்.